கிட்டார் கேள்வி-பதில்: புதிய உருப்படியை எங்கிருந்து தொடங்குவது?

கிளாசிக்கல் கிட்டாரில் புதிய உருப்படி ஒன்றைப் பயில்வது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஓரளவு கிட்டார் வாசிக்கத் தெரிந்தவன் நான். புதிய நொட்டேஷன் கைக்கு வந்ததும் முதல் வரியில் தொடங்கி, தினமும் ஆரம்பத்திலிருந்தே வாசித்து வருகிறேன். முதல் பக்கம் நன்றாக வருகிறது. இரண்டாம் பக்கம் மாதக்கணக்கில் தடுமாறுகிறது. என்னிடம் என்ன தவறு?

பதில்: நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான் தவறு. நாள்தோறும் முதல் வரியிலிருந்து தொடங்குபவர் முதல் பக்கத்தை நூறு முறை வாசித்து முடிக்கும்போது, கடைசிப் பக்கத்தை அதில் கால் பங்குகூடத் தொட்டிருக்க மாட்டார். தொட்ட சில முறைகளும் கையும் கவனமும் களைத்த பிறகு வந்தவையாகவே இருக்கும். உருப்படியை ஆதியிலிருந்து அந்தம் வரை ஓட்டிப் பார்ப்பது வாசிப்பு. அதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாளில் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே தொடங்கலாம். நொட்டேஷனையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். எந்தச் சுருதியில் எழுதப்பட்டிருக்கிறது, தாளக்குறி என்ன, எந்தப் பகுதி திரும்ப வருகிறது, எந்த இடத்தில் மைனரிலிருந்து மேஜருக்கோ மேஜரிலிருந்து மைனருக்கோ மாறுகிறது, இடக்கை எந்த ஃப்ரெட் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) வரை மேலேற வேண்டியிருக்கிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியை 'ஈ'யிலிருந்து 'டி'க்கு இறக்கச் சொல்லும் குறிப்பு மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். அதைக் கவனியாமல் ஒரு வாரம் வாசித்தவர்கள் உண்டு. இரண்டு பக்கம் என்று தோன்றியது, திரும்ப வருவனவற்றைக் கழித்தால் ஒன்றேகால் பக்கமாகச் சுருங்குவது பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரத்தில்தான் தெரியவரும்.

அதன் பிறகு உருப்படியைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். வரி முடியும் இடத்தில் பிரிக்காமல், இசையின் ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் பிரிக்க வேண்டும். வாய்விட்டுப் பாடிப் பார்த்தால், மூச்சு வாங்கத் தோன்றும் இடமே அந்த இடம். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுத்து, மிகக் கடினமாகத் தோன்றுகிற இரண்டு மூன்று பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எளிய பகுதிகள் எப்போது தொட்டாலும் வந்துவிடும். கடினமானவற்றுக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும் என்பதால், அவற்றின் கணக்கு முதல் நாளிலேயே தொடங்கியாக வேண்டும்.

இனி, பலரும் தவறவிடுகிற ஒன்று. பகுதி ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக வந்த பிறகும், சேர்த்து வாசிக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு தயக்கம் தட்டும். துணி பெரும்பாலும் தையலில்தான் பிரியும். ஆகவே எந்தப் பகுதியைப் பயின்றாலும் அடுத்த பகுதியின் முதல் சுரத்தில் விரலை வைத்து, அதை ஒலிக்கச் செய்த பிறகே நிறுத்துங்கள். ஒரு மெஷரின் (தாளத்தின் ஒரு சுற்று) கடைசித் தட்டிலிருந்து அடுத்த மெஷரின் முதல் தட்டுக்குச் செல்லும் அந்த ஒற்றை நகர்வை மட்டும் தனியாக எடுத்துப் பயில்வது, முழுப் பக்கத்தையும் பத்து முறை ஓட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

கேள்வி: ஒரே உருப்படிக்கு இரண்டு பதிப்புகள் என்னிடம் உள்ளன. இரண்டிலும் விரல்குறிகள் (எந்தச் சுரத்தை எந்த விரலால், எந்தத் தந்தியில் என்று காட்டும் குறிகள்) வேறு வேறாக இருக்கின்றன. எதைப் பின்பற்றுவது? நானே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரில் அப்படியில்லை. முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ஒலிக்கிற அதே 'ஈ' சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கிறது. கடைசி இரண்டும் கிட்டாரின் உடல் கழுத்தோடு சேரும் 12ஆம் ஃப்ரெட்டைத் தாண்டியிருப்பதால் அரிதாகவே பயன்படும். முதல் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பதிப்பாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். அழுத்தாத முதல் தந்தியின் ஒலி பளிச்சென்று இருக்கும்; இரண்டாம், மூன்றாம் தந்திகளில் அதே சுரம் கனிந்து ஒலிக்கும், விப்ராட்டோவும் (சுரத்தை விரலால் அசைத்து அதிரவைப்பது) கொடுக்க முடியும். எனவே விரல்குறி வசதியை மட்டும் பொறுத்ததன்று, ஒலியின் நிறத்தையும் பொறுத்தது.

கிட்டார் இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ ஸோரின் பயிற்சிகளில் இருபதைத் தேர்ந்தெடுத்து, கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா 1945இல் வெளியிட்ட தொகுப்பு இன்றும் பலரது மேசையில் இருக்கிறது. அதிலுள்ள குறிகள் செகோவியாவின் கைக்கும் ரசனைக்கும் பொருந்தியவை. அவர் கைகள் பெரியவை; நம்மில் பலருடைய கைகள் அப்படியல்ல. குறியை முதலில் உள்ளபடியே வாசித்துப் பாருங்கள். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது புரிந்த பிறகும் கைக்கு ஒவ்வவில்லையென்றால், அடித்துவிட்டு உங்களுடையதைப் பென்சிலால் எழுதுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போகையில் தந்தியை விட்டு எழாமலே நகரக்கூடிய விரல் ஏதேனும் உண்டா என்பதை. பிரான்சிஸ்கோ தாரெகாவின் 'லாக்ரிமா' இதற்கு நல்ல உதாரணம். அதன் தொடக்கத்தில் மேல்குரல் முதல் தந்தியின் 4, 5, 7 ஆகிய ஃப்ரெட்டுகளிலும், கீழ்க்குரல் நான்காம் தந்தியின் 2, 4, 6 ஆகிய ஃப்ரெட்டுகளிலும் இணையாக ஏறுகின்றன. நடுவில் இரண்டாம் தந்தி அழுத்தப்படாமல் ஒலிக்கிறது. மேல்குரல் முழுவதையும் சுண்டுவிரலுக்கே கொடுத்து, அது தந்தியைத் தொட்டபடியே சறுக்கிச் செல்லுமாறு அமைத்தால், மற்ற விரல்கள் தாமாகவே வழியறிந்து வரும். ஒவ்வொரு பிடிக்கும் கையைத் தூக்கி வைத்தால் அந்த மூன்று சுரங்களும் மூன்று துண்டுகளாகக் கேட்கும்.

இடக்கைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வலக்கைக்கு நாம் காட்டுவதில்லை. பி, ஐ, எம், ஏ என்ற எழுத்துகள் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் ஸ்பானியப் பெயர்களிலிருந்து வந்தவை. இவை அச்சிடப்படாத இடங்களில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இன்று ஐ-எம் என்றும் நாளை எம்-ஐ என்றும் மீட்டினால், விரல்கள் இரண்டு பாடங்களை அரைகுறையாகக் கற்கும். சிக்கலான இடங்களில் இடக்கையை முழுவதும் எடுத்துவிட்டு, அழுத்தாத தந்திகளில் வலக்கைக் கோலத்தை மட்டும் வாசித்துப் பார்ப்பதும் நல்லது. மௌரோ ஜூலியானி தமது ஓபஸ் 1இல் 120 வலக்கைப் பயிற்சிகளை எழுதியபோது, இடக்கைக்கு சி, ஜி7 என்ற இரண்டு கார்டுகளுக்கு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மேல் கொடுக்காததற்குக் காரணமும் இதுவே: கவனம் முழுவதும் ஒரே கையில் தங்க வேண்டும்.

கேள்வி: டேப்லேச்சர் இருக்கும்போது ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் சுரங்களை எழுதும் முறை) அவசியமா?

பதில்: அவசியம் என்றே சொல்வேன். எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்பதை டேப்லேச்சர் தெளிவாகச் சொல்லிவிடும். எந்தச் சுரம் எந்தக் குரலைச் சேர்ந்தது, எது எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. ஸ்டாஃப் நொட்டேஷனில் மேல்நோக்கிய தண்டுகள் மேல்குரலையும், கீழ்நோக்கியவை கீழ்க்குரலான பாஸையும் காட்டும். பாக்கின் இ மைனர் பூரே போன்று இரு குரல்கள் ஒன்றோடொன்று உரையாடும் படைப்பை டேப்லேச்சரை மட்டும் பார்த்துப் பயின்றால், ஒலிப்பதெல்லாம் ஒரே குரலின் சுரங்களாகத் தோன்றிவிடும். இரண்டும் சேர்ந்து அச்சிடப்பட்ட பதிப்பு கிடைத்தால் வாங்குங்கள். விரல் வைக்கும் இடத்துக்கு டேப்லேச்சரையும் நீடிப்புக்கு நொட்டேஷனையும் பாருங்கள்.

கேள்வி: 'மெதுவாக வாசி' என்று என் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மெதுவாக வாசித்தால் பிழையில்லாமல் வருகிறது. மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வேகம் காட்டும் கருவி) இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டே போகிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் சரிந்துவிடுகிறது.

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. அந்த அறிவுரையில் சொல்லப்படாமல் தங்கிவிடும் ஒரு பாதியும் உண்டு. மெதுவாக வாசிக்கும்போது சுரங்களுக்கு நடுவிலுள்ள நேரம்தான் கூட வேண்டும். விரல்களின் நகர்வும் சேர்ந்து மந்தமாகிவிடக் கூடாது. 1ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7ஆம் ஃப்ரெட்டுக்குக் கை போக வேண்டும் என்றால், மெட்ரோனோம் 50இல் இருந்தாலும் அந்தத் தாவல் சட்டென்று நிகழ்ந்து, புதிய இடத்தில் கை ஓய்ந்து காத்திருக்க வேண்டும். மெதுவான வேகம் தருகிற கூடுதல் நேரத்தை எல்லாம் பயணத்திலேயே செலவழித்துப் பழகிய கை, வேகம் கூடியதும் செய்வதறியாமல் நிற்கும். உங்களுக்கு எல்லாம் சரிவதாகத் தோன்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, மெதுவாக வாசிக்கும்போது விரல்கள் தந்தியிலிருந்து எவ்வளவு உயரம் எழுகின்றன என்பதைக் கவனியுங்கள். 50இல் சுண்டுவிரல் இரண்டு அங்குலம் எழுந்து இறங்கினாலும் பிழை கேட்காது. 100இல் அதே உயரத்துக்கு எழ நேரமே இருக்காது. எனவே மெதுவான வேகத்தில் பயிலும்போதே, இறுதி வேகத்தில் எப்படி அசைய வேண்டுமோ அப்படியே சிறிதாக அசைய வேண்டும்.

இரண்டு இரண்டாகக் கூட்டும் முறையோடு வேறொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதி வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோனோமை 100இலேயே வைத்து, ஒரே ஒரு தட்டுக்குரிய சுரங்களையும் அடுத்த தட்டின் முதல் சுரத்தையும் மட்டும் வாசித்து நிறுத்துங்கள். கைகளைத் தளர்த்தி, அடுத்த தட்டுக்குரிய பிடியை மனத்தில் பார்த்துவிட்டு, அதையும் அவ்வாறே வாசியுங்கள். ஒவ்வொன்றும் வசப்பட்ட பிறகு இரண்டிரண்டு தட்டுகளாகவும், பிறகு ஒரு முழு மெஷராகவும் சேருங்கள். ஒரு நாளின் பயிற்சியில் மெதுவான வாசிப்புக்கும் இந்தக் குறுகிய வேக வாசிப்புக்கும் இடம் இருந்தால், எல்லாம் சரிவதாக நீங்கள் சொன்ன அந்த வேக எல்லை பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகராமல் நிற்கும் இடத்தில் வேகத்தைக் குறை சொல்லாமல் விரல்குறியைச் சந்தேகியுங்கள்; 60இல் வசதியாகத் தோன்றும் விரல்குறி 100இல் சாத்தியமே இல்லாததாக இருக்கக்கூடும்.

மெட்ரோனோமை எப்போதும் ஓடவிட்டுக்கொண்டே இருப்பதும் நல்லதன்று. வாக்கியம் முடியும் இடங்களில் இசை சற்றே மூச்சுவிட வேண்டும்; அதற்கு இடம் கொடுக்கும் வாசிப்பும் தினமும் ஒரு முறையேனும் நிகழட்டும்.

கேள்வி: புதிய உருப்படியைத் தொடங்கிய வேளையில் வலக்கை நகம் உடைந்துவிட்டது. நகம் வளரும்வரை தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். இடக்கை விரல்குறி, மனப்பாடம், தாளம் ஆகிய எதற்கும் நகம் தேவையில்லை. ஸோர் நகமின்றி விரலின் சதையாலேயே மீட்டியவர். தாரெகாவும் தம் பிற்காலத்தில் நகத்தை விட்டுவிட்டார். ஒலி சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: 'ரொமான்ஸ்' என்ற பெயரில் எல்லோரும் வாசிக்கும் அந்த இ மைனர் படைப்பில் முதல் பகுதி வந்துவிட்டது. மேஜர் பகுதியில் பாரே (சுட்டுவிரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை ஒருசேர அழுத்துவது) பிடிக்கும்போது கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசித்தால் பழகிவிடுமா?

பதில்: வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கவே கூடாது. விரல்நுனியில் தந்தி பதிந்து எரிவது இயல்பு, அது பழகும். மூட்டிலும் மணிக்கட்டிலும் வருகிற வலி அந்த வகையைச் சேர்ந்ததன்று. வலித்தவுடன் கையைக் கீழே தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடியைப் பொறுத்தவரை, ஆறு தந்திகளையும் சமமாக அழுத்த வேண்டும் என்ற எண்ணம்தான் கையைக் கசக்குகிறது. நொட்டேஷனைப் பார்த்து, பாரே பிடிக்கும் சுட்டுவிரலால் உண்மையில் ஒலிக்க வேண்டிய தந்திகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும், மற்றவற்றை வேறு விரல்கள் அழுத்திக்கொண்டிருக்கும். சுட்டுவிரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, எலும்பு தந்தியில் படும்படி, ஃப்ரெட் கம்பிக்கு நெருக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் பின்னாலிருந்து நெரிப்பதைக் குறைத்து, தொங்கும் கையின் எடையே தந்தியைப் பின்னோக்கி இழுக்கும்படி விடுங்கள். இதைச் சோதிக்க எளிய வழி, கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு, வலது முன்கையால் கிட்டாரை உடலோடு அணைத்தபடி பாரே பிடித்துப் பார்ப்பது. ஒலி ஓரளவு தெளிவாகக் கேட்டால், இவ்வளவு நாளும் கட்டைவிரல் வீணாகச் சிரமப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அந்தப் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் பயில வேண்டாம். இரண்டு மெஷர்கள், பிறகு பாரே இல்லாத வேறொரு பகுதி, மீண்டும் அந்த இரண்டு மெஷர்கள் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள்.

கேள்வி: தனியாக வாசிக்கும்போது நொட்டேஷன் இல்லாமலே முழுவதும் வருகிறது. நான்கு பேர் முன்னால் உட்கார்ந்தால் நடுவில் நின்றுவிடுகிறது. நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க முடிகிறது. என்ன செய்வது?

பதில்: 'முதலிலிருந்துதான் தொடங்க முடிகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. உங்களுக்கு உருப்படி விரல்களில் மட்டும் பதிந்திருக்கிறது. ஒவ்வோர் அசைவும் முந்தைய அசைவால் தூண்டப்படுவதால், பதற்றத்தில் ஒன்று தவறியதும் அடுத்தது வருவதில்லை. விரல் நினைவுக்குத் துணையாக வேறு நினைவுகளும் வேண்டும்.

முதல் பதிலில் சொன்ன பகுதி எண்களை இங்கே பயன்படுத்துங்கள். எண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, எந்த எண் வருகிறதோ அந்தப் பகுதியிலிருந்து நொட்டேஷன் பார்க்காமல் தொடங்க முயலுங்கள். எந்தப் பகுதி வராமல் மக்கர் செய்கிறதோ, மேடையிலும் அங்கேதான் நிற்கும். பாஸ் குரலை மட்டும் பாடிப் பாருங்கள். மேல்குரலை எல்லோரும் முணுமுணுத்துவிடுவார்கள், பாஸைப் பாட முடிந்தவருக்கே கார்டுகளின் வரிசை தெரியும். கிட்டார் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளும் என்ன செய்கின்றன என்பதை மெஷர் மெஷராக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மங்கலாகும் இடங்களைக் குறித்துக்கொண்டு நொட்டேஷனைத் திறந்து சரிபாருங்கள். இது களைப்பூட்டும் வேலை. பத்து நிமிடத்துக்கு மேல் பலரால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் பேருந்துப் பயணத்திலும் செய்யலாம் என்ற வசதி உண்டு.

கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை உருப்படிகளைப் பயிலலாம்?

பதில்: கடினமானது ஒன்று, எளிதானது ஒன்று, ஏற்கெனவே தெரிந்ததில் மெருகேற்றுவது ஒன்று என மூன்று போதும்.

கேள்வி: ஆறு மாதமாக ஒரே உருப்படி. ஓர் இடத்தில் மட்டும் எப்போதும் தவறுகிறது. அந்த இடத்தை மட்டும் எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். விட்டுவிடலாமா?

பதில்: முழுவதையும் விட வேண்டாம். அந்த இடத்தைத் தவறாகவே வாசித்துப் பழகியிருக்கிறீர்கள். இனி எத்தனை முறை அதே விரல்களால் வாசித்தாலும் பழைய தடம்தான் ஆழமாகும். உருப்படியைச் சில வாரங்கள் மூடி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்த மெஷருக்கு மட்டும் முற்றிலும் வேறான விரல்குறியை எழுதி, இதுவரை பார்த்திராத ஒன்றைப் படிப்பதுபோல, ஒவ்வொரு சுரமாக மிக மெதுவாகத் தொடங்குங்கள். கைக்கு அது புதிய பாடமாகிவிடுவதால் பழைய தவறு குறுக்கிட வாய்ப்பு குறைவு.

அப்படியும் வரவில்லை என்றால், கார்டிலிருந்து ஒரு சுரத்தைக் குறைத்துக்கொள்வதில் குற்றமில்லை. மேல்குரலிலும் பாஸிலும் கை வைக்காதீர்கள். நடுக்குரலில், அதே கார்டில் வேறொரு தந்தியிலும் ஒலிக்கிற சுரம் இருந்தால் அதை முதலில் விடலாம். விட்ட சுரத்தை நொட்டேஷனில் அழித்துவிடாமல், பென்சிலால் அடைப்புக்குறி மட்டும் இட்டு வையுங்கள். கை இன்னும் கொஞ்சம் விரியப் பழகிய பிறகு அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.